மண்ணில் ஓட்ட எங்கே கற்பது? சென்னையில் ஒரு வீடு, இரண்டு வண்டிகள்

அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரே ஆணியில் இரண்டு புதுச் சாவிகள் தொங்குகின்றன. ஒன்று அவள் மகள் வாங்கிய ஹிமாலயன் 450 பைக்கின் சாவி. இன்னொன்று அத்தான் வாங்கிய குவாட் வண்டியின் சாவி. பைக் போல ஹேண்டில்பாரும் நான்கு தடித்த சக்கரங்களும் கொண்ட, மண்ணில் ஓட்டும் வண்டி அது. மதுராந்தகத்துக்கு அப்பால் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. உரமூட்டையும் மருந்துத் தெளிப்பானும் ஏற்றிக்கொண்டு வரப்போரமாகப் போய்வர அந்த நான்கு சக்கர வண்டி. "சித்தி, எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து நல்ல பயிற்சி வகுப்பாக ஒன்று சொல்லுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுகிறோம்" என்றாள் பெண்.

நான் எலும்பு முறிவு நோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பவள். ஆறு வருடங்களாக எக்ஸ்பல்ஸ் 200 பைக் ஓட்டுகிறேன். என்னிடம் கேட்டது சரிதான். ஆனால் இருவருக்கும் ஒரே வகுப்பு என்பதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஒரு மாதம் விசாரித்து, சிலவற்றை நேரில் போய்ப் பார்த்து, முன்பு நானே கற்ற இடங்களையும் சேர்த்து எடைபோட்டதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு சென்னையில் இன்னும் பல வீடுகள் இருக்கும்.

முதலில் இந்த இரண்டு வண்டிகளும் உடம்பிடம் கேட்பது வேறு வேறு. பைக்கை மண்ணில் மெதுவாகத் திருப்பும்போது வண்டியை மட்டும் உள்பக்கம் சாய்த்துவிட்டு, உடம்பை நிமிர்த்தி, வெளிப்பக்க ஃபுட்பெக்கில், அதாவது கால் வைக்கும் கட்டையில், எடையை அழுத்த வேண்டும். குவாட் சாயாது. உடம்புதான் உள்பக்கமும் சற்று முன்பக்கமும் நகர வேண்டும். பல மாடல்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். திருப்பத்தில் உள்சக்கரத்தின் மேலிருக்கும் பாரம் குறைந்து அது கொஞ்சம் வழுக்கினால்தான் வண்டி திரும்பும். இல்லாவிட்டால் ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினாலும் நேராகவே தள்ளிக்கொண்டு போகும். பைக்கில் வேகம் கூட்டும் த்ராட்டிலை மணிக்கட்டால் முறுக்குகிறோம். குவாடில் அதைக் கட்டைவிரலால் அழுத்துகிறோம். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது பயந்து கைப்பிடியை இறுக்கினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், வேகம் கூடிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கால். பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு வண்டி சாய்கிறது என்று தோன்றிய நொடியில் கால் தானாகவே தரைக்குப் போகும். குவாடில் அப்படிக் காலை ஊன்றினால், பின்னால் வரும் சக்கரம் அந்தக் காலின்மேல் ஏறும். போன வருடம் என்னிடம் வந்த ஓர் இளைஞர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பொழுதுபோக்கு இடத்தில் பத்து நிமிடச் சவாரிக்கு டிக்கெட் எடுத்தவர். பன்னிரண்டு வருடமாக பைக் ஓட்டுபவர். மணல் மேட்டில் குவாட் ஒரு பக்கம் தூக்கியதும் இடது காலை ஊன்றியிருக்கிறார். கணுக்காலின் இருபக்க எலும்பும் முறிந்து, தகடு வைத்து, நான்கு மாதம் கழித்துத்தான் மாடிப்படி இறங்கினார். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி, "நல்லா ஓட்டத் தெரிந்ததால்தான் விழுந்தேன் மேடம்" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. பைக்கில் அவரைக் காப்பாற்றிய பழக்கமே குவாடில் காலை முறித்தது.

அதனால் மகளுக்கு ஒரு வழி, அப்பாவுக்கு வேறு வழி என்று பிரித்துக்கொண்டேன்.

மகளிடமிருந்து தொடங்குகிறேன். அவளுக்குக் கிடைக்கும் வழிகள் நான்கு.

வண்டி நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு நடத்தும் முகாம்கள் முதல் வழி. ராயல் என்ஃபீல்டு, கேடிஎம், பிஎம்டபிள்யூ, டிரயம்ஃப் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் இவற்றை நடத்துகின்றன. ஷோரூமில் சொல்லிவைத்தால் அடுத்து எப்போது என்று அழைத்துச் சொல்வார்கள். நல்ல பயிற்றுநர்கள் வருகிறார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் நம் சொந்த வண்டியில்தான் கற்க வேண்டும். ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ, இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர். ஐந்தடி இரண்டங்குலம் இருக்கும் எங்கள் பெண்ணுக்கு ஒரு பக்கம் நுனிக்கால்தான் எட்டுகிறது. முதல் நாளில் பதினைந்து முறையாவது வண்டியைக் கீழே போடுவோம். 196 கிலோவைப் பதினைந்து முறை தூக்கி நிறுத்திய பிறகு எதையும் கற்கும் தெம்பு யாருக்கும் இருக்காது. நான் போன ஒரு முகாமில் இருபத்திரண்டு பேருக்கு இரண்டே பயிற்றுநர்கள். என் முறைக்காக வெயிலில் நின்ற நேரம்தான் அதிகம். ஓரளவு தெரிந்தவர்கள் தங்கள் வண்டியின் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஓட்டு முறைகள் போன்றவற்றை நுணுக்கமாகப் புரிந்துகொள்ள இது சிறந்த இடம். முதல் வகுப்பாக இதைச் சொல்ல மாட்டேன்.

இதே வகையில் ராயல் என்ஃபீல்டின் ஸ்லைட் ஸ்கூல் தனி ரகம். அங்கே எஃப்டி411 என்ற அவர்களுடைய வண்டியையே தருகிறார்கள். வட்டமான மண் ஓடுபாதையில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு அதைக் கட்டுப்படுத்தக் கற்பிக்கிறார்கள். சக்கரம் வழுக்கினால் உலகம் முடிந்துவிடாது என்று உடம்புக்குப் புரியவைப்பது பெரிய விஷயம். ஆனால் மேடு, பள்ளம், கல், ஓடை எல்லாம் அந்தப் பாடத்தில் இல்லை.

இரண்டாவது, கர்நாடகத்தில் கோலார் பக்கம் இருக்கும் பிக் ராக் டர்ட்பார்க் போன்ற முழுநேர மண்பாதைப் பயிற்சி இடங்கள். 2015-இல் டாக்கார் ராலி என்ற நெடுந்தூர மண்பாதைப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய இடம் அது. சென்னையிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். இத்தகைய இடங்களின் பலம், பாடத்துக்காகவே வெட்டிவைத்த நிலம். ஏற்றம், இறக்கம், மணல், கல், உள்சாய்ந்த திருப்பம் என்று ஒவ்வொன்றும் தனியாக இருக்கிறது. ஒரே ஏற்றத்தை இருபது முறை ஏறலாம். கற்பவரின் நிலைக்கேற்ப படிப்படியாக வகுப்புகளைப் பிரிக்கிறார்கள். இரண்டு நாள் தங்கி, இரவில் தூங்கி எழும்போது முதல் நாள் பாடம் உடம்பில் ஊறியிருக்கும். தசைகளுக்குப் பயிற்சி கொடுப்பதை வேலையாகச் செய்கிறவள் என்பதால் அதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் செலவும் நேரமும் அதிகம். வண்டி வாடகை, தங்கும் அறை, போக்குவரத்து மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் கட்டணத்தை ஒப்பிட வேண்டும். வண்டியில் ஏறி நிற்கவே தெரியாதவர் அவ்வளவு தூரம் போய் முதல் நாள் முழுவதையும் நிற்கப் பழகுவதிலேயே கழித்தால் அந்தப் பணத்துக்கு முழுப் பயன் கிடைக்காது.

மூன்றாவது, சென்னையைச் சுற்றி வார இறுதிகளில் தனிப் பயிற்றுநர்கள் நடத்தும் காலை வகுப்புகள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்கல்பட்டு பக்கம் தனியார் நிலத்திலோ வற்றிய ஏரியிலோ நடக்கும். வகுப்புக்கு வகுப்பு தரம் மாறும். நான் முதலில் கற்றது இப்படி ஒருவரிடம்தான். போட்டிகளில் ஓட்டி ஓய்ந்தவர். நான்கே மாணவர்கள். என்னை முதல் முக்கால் மணி நேரம் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. நிறுத்திய வண்டியின் ஃபுட்பெக்குகள்மேல் ஏறி நின்று, முழங்காலைத் தளர்த்தி, டேங்கைத் தொடையால் மெல்லப் பிடித்து, முழங்கையை வெளிப்பக்கம் அகட்டி நிற்கச் சொன்னார். அவர் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டுவார். நான் நின்றபடியே சமன் செய்ய வேண்டும். அடுத்து, விழுந்த வண்டியை ஹேண்டில்பாரின் ஒரு முனையைப் பிடித்து இடுப்பைக் கொடுத்துக் காலால் தள்ளித் தூக்குவது எப்படி என்று காட்டினார். முதுகை வளைத்துத் தூக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தொழில் முறையிலேயே தெரியும். ஆனாலும் அன்று அவர் சொல்லித்தான் சரியாகச் செய்தேன். அதன்பிறகு நடை வேகத்தில் எட்டு போடுவது, க்ளட்ச்சைப் பாதி பிடித்து ஊர்வது, செம்மண்ணில் பின்பிரேக்கை வேண்டுமென்றே பூட்டி வழுக்குவது. அந்தக் காலையில் ஒருமுறைகூட மூன்றாவது கியர் போடவில்லை.

அவர் கொடுத்தது அவருடைய சிறிய, அடிபட்ட பயிற்சி வண்டி. ஏற்கெனவே கீறல் விழுந்த வண்டியில் கற்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. புது டேங்கில் கோடு விழுமே என்று பயப்படுகிறவர் விழவேண்டிய நேரத்தில் வண்டியை விடாமல் பிடித்துக்கொள்வார். மணிக்கட்டு உடைவது பெரும்பாலும் அப்படித்தான். கையை நீட்டி ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு, தோளில் விழுந்தால் காறை எலும்பு. காறை எலும்பு ஒட்டவே பெரியவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். தோள் பழைய நிலைக்கு வர அதற்கும் மேல்.

இப்படிப்பட்ட வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து விஷயங்களைத் தயங்காமல் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? ஐந்துக்கு மேல் என்றால் நான் போக மாட்டேன். வண்டி யாருடையது, உடைந்தால் யார் செலவு? நிலம் யாருடையது? ஏரி என்றால் அது அரசு நிலம். அனுமதி இல்லாமல் ஓட்டினால் பாதி வகுப்பில் ஊர்க்காரர்கள் வந்து நிறுத்தச் சொல்வார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கும், அங்கே மாடு மேய்கிறது. முதலுதவி தெரிந்தவர் யார், அருகிலுள்ள மருத்துவமனை எது? கடைசியாக, முழங்கால் கவசம், மார்புக் கவசம், பூட்ஸ் ஆகியவற்றைத் தருவார்களா, கொண்டுவரச் சொல்வார்களா, இல்லாமலே ஓட்ட அனுமதிப்பார்களா? மூன்றாவது பதில் வந்தால் நன்றி சொல்லி அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். மற்ற நான்குக்கும் என்ன பதில் வந்திருந்தாலும் சரி.

நான்காவது வழியாகப் பலரும் சொல்வது இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை அது, 1990-இலிருந்து இருக்கிறது. கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளி போன்றவர்கள் அங்கே வந்து பயிற்சி அளித்திருக்கிறார்கள். மிக நல்ல பயிற்சி, ஆனால் தாருக்கானது. பார்வையை எங்கே வைப்பது, த்ராட்டிலை எப்படி இழுப்பது என்பதெல்லாம் எங்கும் உதவும். மண்ணுக்கென்று போகிறவர் அங்கே தொடங்க வேண்டியதில்லை.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் முழுக் கவசத்தோடு பத்து மணிக்கு மேல் பயிற்சி என்பது ஆபத்து. தலைசுற்றல் வந்த பிறகு எடுக்கும் முடிவுகள்தான் விழவைக்கின்றன. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் செங்கல்பட்டுப் பக்கத்துக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. தை, மாசிதான் நல்ல காலம். புரட்டாசியில் விடியற்காலை வகுப்பும் பரவாயில்லை.

காப்பீட்டையும் பார்த்துவிடுங்கள். நம் நாட்டு வாகனக் காப்பீட்டு ஆவணத்தில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று எழுதியிருக்கும். பயிற்சி வகுப்பை அவர்கள் எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. உடல்நலக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி அத்தான் விஷயம். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். வண்டியை வாங்கும்போது அவர், "இதில் என்ன இருக்கிறது? டிராக்டரே ஓட்டியிருக்கிறேன், நான்கு சக்கரம், விழாது" என்றார். விழாது என்ற எண்ணம்தான் குவாடின் ஆபத்து. முந்நூறு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டி கவிழும்போது நம்மைத் தூக்கி எறியாது, நம்மேல் வந்து விழும். ஏரிக்கரைச் சரிவில் ஏறும்போது பாதியில் நின்றுபோனால், பின்னோக்கி உருண்டு அப்படியே குட்டிக்கரணம் அடிக்கும்.

சென்னையில் குவாட் ஓட்டிப் பார்க்க எளிதாகக் கிடைப்பது கடற்கரைச் சாலைப் பொழுதுபோக்கு இடங்கள்தான். அவற்றைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. "இது ஆக்ஸிலேட்டர், இது பிரேக், போய்ட்டு வாங்க" என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஒரு ஆள் வண்டியில் பின்னால் குழந்தையை ஏற்றிக்கொண்டு போகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நீளமான இருக்கை இரண்டு பேருக்காக அல்ல. ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்காகத்தான் அவ்வளவு நீளம். பின்னால் ஆள் உட்கார்ந்துவிட்டால் நகர இடமில்லை. கடற்கரை மணலிலேயே குவாட் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் நம் கரையேறி முட்டையிடுகின்றன. மணலுக்குள் இருக்கும் கூடு மேலே தெரியாது. தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து பாதுகாக்கும் முட்டைகளின்மேல் சக்கரம் ஏற்ற யாருக்கும் மனம் வரக்கூடாது.

குவாடுக்கென்று எழுதிய முறையான பாடத்திட்டம் அமெரிக்காவில் பிறந்தது. எண்பதுகளில் அங்கே இதே ரகத்தைச் சேர்ந்த மூன்று சக்கர வண்டிகள் எக்கச்சக்கமான விபத்துகளை உண்டாக்கின. 1988-இல் அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோடு தயாரிப்பாளர்கள் உடன்பாடு செய்து அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். வாங்குபவர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் ஒப்புக்கொண்டார்கள். குவாட் உள்ளிட்ட இந்த ரக வண்டிகளை அங்கே ஏடிவி என்பார்கள். ஏடிவி பாதுகாப்பு நிறுவனம் அந்தக் காலத்தில் உருவானதுதான். அவர்களுடைய வகுப்பு அரை நாள். அதன் விதிகளை இணையத்தில் யாரும் படிக்கலாம்: ஹெல்மெட், கண்ணாடி, நீளக் கை சட்டை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் இல்லாமல் ஏறாதே; தார்ச்சாலையில் ஓட்டாதே; ஒரு ஆள் வண்டியில் இரண்டாவது ஆளை ஏற்றாதே; வயதுக்கேற்ற வண்டியை மட்டும் ஓட்டு.

தார்ச்சாலை விதியைப் படித்ததும் அத்தானின் முகம் மாறியது. தோப்புப் பக்கம் போனால் அவர் தங்கும் வீட்டுக்கும் தோப்புக்கும் இடையே அரை கிலோமீட்டர் தார்ச்சாலை இருக்கிறது. குவாடின் டயரில் ஐந்து, ஆறு பிஎஸ்ஐ காற்றுதான் இருக்கும். பைக்குக்கு வைத்திருக்கும் மானியில் அந்த முள் அசையவே அசையாது. அந்த மெத்தென்ற டயரும் பூட்டிய அச்சும் தாரில் கவ்விப் பிடித்துத் திருப்பத்தில் வண்டியைக் கவிழ்த்துவிடும். பதிவெண் இல்லாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவது சட்டத்துக்கும் புறம்பு. ஆகவே வண்டி இனிமேல் தோப்பின் மோட்டார் கொட்டகையிலேயே நிற்கும். அவர் தோப்பு வரை ஸ்கூட்டரில் போவார்.

பயிற்சிக்கு அவருக்கு மூன்று வழிகளை வைத்தேன். அந்த அமெரிக்க நிறுவனத்தின் இணையப் பாடம் ஒன்று. அறிவுக்கு நல்லது, உடம்புக்குப் போதாது. ஆங்கிலத்தில் இருப்பதால் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். தொலைவில் இருக்கும் குவாட் சவாரித் திடல்களுக்குப் போவது இன்னொன்று. அங்கே தடமும் ஆட்களும் உண்டு, ஆனால் அவை பொழுதுபோக்குக்கானவை. உரமூட்டை ஏற்றிய வண்டி எப்படித் திரும்பும் என்று அங்கே தெரியாது. மூன்றாவது, வண்டி விற்ற டீலரிடம் பயிற்றுநர் ஒருவரை அரை நாள் தோப்புக்கே அனுப்பச் சொல்லி, அந்தப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது. நான் மூன்றாவதைத்தான் சொன்னேன். இணையப் பாடத்தை அதற்கு முந்தின இரவே முடித்துவிட வேண்டும். ஓட்டப் போகும் நிலத்திலேயே, ஓட்டப் போகும் வண்டியிலேயே, முதலில் வெறும் வண்டியாக, பிறகு ஒரு மூட்டை வைத்து. தென்னை வரிசைகளுக்கு நடுவே எட்டு போடுவதற்கு வேறு கூம்புகள் எதுவும் வேண்டாம்.

டீலர் முதலில் தயங்கினார். வண்டியை ஒப்படைக்கும்போதே எல்லாம் சொல்லிவிட்டோம் என்றார். அத்தான் விடவில்லை. கேட்டால் அனுப்புகிறார்கள்; யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அக்காவின் இளைய மகனுக்குப் பதிமூன்று வயது. அவன் அந்த வண்டியில் கண் வைத்திருக்கிறான். பதினாறு வயதுக்குக் கீழே யாரும் குவாட் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. பெரியவர்களுக்கான வண்டியில் எடையை நகர்த்திச் சமன் செய்யும் அளவுக்கு அவன் உடம்பு இன்னும் வளரவில்லை. அவன் அழுதாலும் பதில் இதுதான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

பெண்ணின் விஷயத்தில் முடிவு இது: ஒரகடம் பக்கம் நான் நேரில் பார்த்த சிறு வகுப்பில், பயிற்றுநரின் சிறிய வண்டியில், அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு காலைகள். பிறகு ஒரு மாதம் தானாகப் பழக்கம். தை பிறந்ததும் கோலார். நிறுவன முகாம் அதன்பிறகுதான், அப்போது தன் ஹிமாலயனைக் கொண்டு போகலாம். இடையில் எழும்பூரில் ஒரு முதலுதவி வகுப்புக்கும் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். விழுந்தவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்றாமல், கழுத்தை அசைக்காமல் 108-க்குக் காத்திருக்கத் தெரிந்த ஒருவராவது குழுவில் வேண்டும்.

பூட்ஸ் வாங்க இருவரையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு அழைத்துப் போனேன். பெண்ணுக்குக் கிடைத்துவிட்டது. அத்தானின் அகலமான பாதத்துக்கு எதுவும் பொருந்தவில்லை. சொல்லிவைத்திருக்கிறோம், பத்து நாளில் வரும் என்றார்கள். டீலரின் ஆள் வருகிற சனிக்கிழமை வருவதாக இருந்தது, அதைத் தள்ளிவைத்தோம். பூட்ஸ் வரும்வரை குவாட் சாவி அந்த ஆணியில் இருக்காது. அக்காவின் அலமாரியில் இருக்கும்.